விடுதி வைஃபையும் திருட்டுப் பாட்டும்: பல்கலைக்கழகம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

மாணவர்கள் உரிமம் இல்லாத இடங்களிலிருந்து பாட்டு இறக்குவதைப் பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி குழுக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் நான்கு பதில்கள் வரும். நெட்வொர்க்கிலேயே தடுத்துவிடலாம் என்பது கணினி மையத்தின் பதில். நாலு பேரைப் பிடித்துத் தண்டித்தால் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று நிர்வாகத்தில் சிலர் சொல்வார்கள். நீங்களே சந்தா கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று மாணவர் பிரதிநிதிகள் கேட்பார்கள். பதிப்புரிமை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் எதுவும் மாறாது என்று ஓரிரு ஆசிரியர்கள் சொல்வார்கள்.

இந்த நான்கையும் ஏதோ ஒரு வளாகம் செய்து பார்த்துவிட்டது, பெரும்பாலும் அமெரிக்காவில். அதனால் ஊகத்தில் விவாதிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஒவ்வொன்றையும் நான் ஒரே அளவுகோலால் அளக்கப்போகிறேன்: மாணவர் வளாகத்தை விட்டு வெளியேறிய பிறகும் அதன் பலன் நிற்குமா? வேறொரு நிறுவனம் கேட்க வேண்டிய கேள்வி இதுவாக இல்லாமல் இருக்கலாம். மூன்று நான்கு ஆண்டுகள் மட்டும் தன்னிடம் இருக்கும் இளைஞர்களை வெளியுலகுக்குத் தயார் செய்யும் இடம் இதைத்தான் கேட்க வேண்டும்.

அடைப்பது

ஒருவர் கணினியிலிருக்கும் பாட்டை இன்னொருவர் இணையம் வழியே இறக்கிக்கொள்ள உதவிய நாப்ஸ்டர் என்ற மென்பொருள் 1999 ஜூனில் வந்தது. அதை எழுதிய ஷான் ஃபேனிங், பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவராக இருந்தவர். அது வளாகங்களில் முதலில் பற்றிக்கொண்டதற்குக் காரணம் மாணவர்களின் குணமல்ல, கம்பி. வீடுகளில் தொலைபேசி வழி டயல்-அப் இணைப்பில் ஒரு பாட்டு இறங்கப் பொறுமையாகக் காத்திருந்த காலத்தில், விடுதி அறைகளில் ஈதர்நெட் இருந்தது. இசை கேட்கும் வயதினர் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில், அன்றைக்குக் கிடைத்த மிக வேகமான இணைப்போடு.

அந்தப் போக்குவரத்து பல்கலைக்கழக இணைப்பைத் தின்னத் தொடங்கியது. இண்டியானா பல்கலைக்கழகம் 2000 பிப்ரவரியில் நாப்ஸ்டரை அடைத்தது. முதல் காரணம் பதிப்புரிமை அல்ல, இணைய நெரிசல். மாணவர் எதிர்ப்புக்குப் பின் அடுத்த மாதம் திறந்தது. ஏப்ரலில் மெட்டாலிகா இசைக்குழு நாப்ஸ்டர் மீது தொடுத்த வழக்கில் யேல், இண்டியானா, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களையும் சேர்த்தது. யேலும் இண்டியானாவும் நாப்ஸ்டரை அடைத்ததும் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டன.

நாப்ஸ்டரை அடைக்க முடிந்தது, ஏனென்றால் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் அதன் மைய சர்வரில் இருந்தது. நீதிமன்ற உத்தரவுகளால் 2001 ஜூலையில் அது மூடப்பட்டபோது, மையமே தேவைப்படாத கசா போன்ற மென்பொருள்கள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. புளோரிடா பல்கலைக்கழகம் 2003-இல் தன் விடுதிகளுக்கென்று இகாரஸ் என்ற மென்பொருளை எழுதியது. ஃபைல் பகிர்வைக் கண்டால் முதல் முறை 30 நிமிடம் இணைப்பு போகும். இரண்டாம் முறை ஐந்து நாள். அதற்கும் மேல் ஒழுங்கு நடவடிக்கை. விடுதிகளில் பகிர்வு கடுமையாகக் குறைந்தது. இது வெற்றி இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் குறைந்தது அந்தக் கம்பியில் மட்டும்தான். வெளி இணைப்பைத் தொடாமல் வளாகத்துக்குள்ளேயே டிசி++ என்ற மென்பொருளால் பகிரும் குழுக்கள் பல விடுதிகளில் முளைத்தன. பல்கலைக்கழகங்களை ஆராய்ச்சிக்காக இணைத்த அதிவேக இன்டர்நெட்2 வலையைப் பயன்படுத்தி ஐ2ஹப் என்ற பகிர்வு வலையை மாணவர்களே கட்டினார்கள். அது 2005 நவம்பரில் மூடப்படும்வரை, வணிக இணையத்தின் கண்ணில் படாமல் வளாகத்திலிருந்து வளாகத்துக்குப் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

இன்றைய நிலையில் அடைப்பதற்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்ட்ரீமிங் தளத்தில் ஓடும் பாட்டை அப்படியே எம்பி3 ஆக உருவி எடுப்பதுதான் இப்போது பரவலான முறை. சர்வதேச இசை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்களில் 38 சதவீதம் பேர் உரிமம் மீறிய ஏதோ ஒரு வழியைப் பயன்படுத்துவதாகவும், 32 சதவீதம் பேர் உருவி எடுப்பதாகவும் சொன்னது. அந்த வேலையை நிறையப் பேருக்குச் செய்து கொடுத்த பெரிய தளம் ஒன்று அதற்கு முந்தைய ஆண்டே வழக்கினால் மூடப்பட்டிருந்தது. அதன்பிறகும் இந்த எண்கள். நெட்வொர்க்கைக் காவல் காக்கும் கருவிக்கு உருவி எடுப்பது சாதாரண மறையாக்கப்பட்ட இணைய உலாவலாகத்தான் தெரியும். டெலிகிராம் குழுவில் வரும் ஃபைலும் அப்படித்தான். வைஃபையில் தடை என்றால் மாணவர் கைப்பேசியின் டேட்டாவுக்கு மாறிவிடுவார். அதற்கு ஒரு நொடி போதும்.

இதற்குக் கொடுக்கும் விலையோ பெரியது. மாணவர்களின் தகவல் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒருமுறை உள்ளே வந்தால், அது பாட்டை மட்டும் பார்க்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கோப்புகளைப் பயனர்கள் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிரும் பிட்டாரண்ட் முறையை மொத்தமாக அடைத்தால் லினக்ஸ் தொகுப்புகளையும் பெரிய ஆய்வுத் தரவுகளையும் அதே வழியில் பெறும் ஆய்வாளர்களும் அடைபடுகிறார்கள். இணைப்பு நெரிசலாக இருந்தால், எவர் எதை இறக்கினாலும் எல்லோருக்கும் ஒரே அளவு வரம்பு வைக்கலாம். அது நெட்வொர்க் நிர்வாகம். பதிப்புரிமைக்கான வழியாக அடைப்பதை நான் முதலிலேயே ஒதுக்குகிறேன்.

தண்டிப்பது

இந்த வழியின் வரலாறு வருத்தம் தருவது. அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ 2003 ஏப்ரலில் நான்கு மாணவர்கள் மீது வழக்குப் போட்டது. பிரின்ஸ்டனில் ஒருவர், மிச்சிகன் டெக்கில் ஒருவர், ரென்சலேர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் இருவர். வளாக வலையில் கோப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் தளங்களை நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே சமரசம் ஆனது. ஒவ்வொருவரும் கட்ட ஒப்புக்கொண்டது 12,000 முதல் 17,500 டாலர் வரை.

பிறகு 2007 பிப்ரவரியில், வழக்குக்கு முன்பே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளச் சொல்லும் 400 கடிதங்கள் 13 பல்கலைக்கழகங்களுக்குப் போயின. அவற்றை உரிய மாணவரிடம் சேர்க்கும் வேலை பல்கலைக்கழகத்துக்கு. மாதாமாதம் இது தொடர்ந்தது. சமரசம் செய்யாமல் நீதிமன்றம் போன ஒரு பாஸ்டன் பல்கலைக்கழக மாணவருக்கு 2009-இல் நடுவர் குழு விதித்த தொகை, 30 பாட்டுகளுக்கு 6,75,000 டாலர். உண்மையில் எவ்வளவு இழப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல், ஒரு படைப்புக்கு இவ்வளவு என்று சட்டம் நிர்ணயித்த வரம்புக்குள் விதிக்கப்பட்ட தொகை அது. கூட்டம் கூட்டமாக வழக்குப் போடுவதை நிறுத்துவதாக ஆர்ஐஏஏ 2008 டிசம்பரில் அறிவித்தபோது, அந்த வலையில் சுமார் 35,000 பேர் சிக்கியிருந்தார்கள். திருட்டு நின்றுவிட்டதால் அது நிறுத்தப்படவில்லை.

பல்கலைக்கழகங்களே அபராதம் வசூலித்ததும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் 2007 முதல் துண்டித்த இணைப்பை மீண்டும் தர முதல் முறை 100, இரண்டாம் முறை 500, மூன்றாம் முறை 1,000 டாலர் என்று கட்டணம் வைத்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு 100 டாலர் ஒரு தொந்தரவு. உதவித்தொகையில் படிப்பவருக்கு அது ஒரு மாத நிம்மதி. ஒரே குற்றத்துக்கு இரண்டு வேறு தண்டனைகள் என்பது எனக்கு உறுத்துகிறது.

தவறான ஆளைப் பிடிப்பது அதைவிட ஆழமான சிக்கல். 2003 மே மாதம் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வானியல் துறைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, அஷர் என்ற பாடகரின் பாட்டுகள் அங்கே திருட்டுத்தனமாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று. அங்கே இருந்தது அதே பெயர் கொண்ட ஓய்வுபெற்ற பேராசிரியரின் கோப்புகளும், ஒரு விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றி வானியலாளர்களே பாடிப் பதிவு செய்த பாட்டும். பெயரை மட்டும் பார்த்து இயந்திரம் அனுப்பிய நோட்டீஸ். ஆர்ஐஏஏ மன்னிப்புக் கேட்டது. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். பிட்டாரண்ட் வலையை ஆராய்ந்த அவர்களால், எதையும் இறக்காத, இறக்கவே முடியாத அச்சுப்பொறிகளின் பேரில் பதிப்புரிமை மீறல் நோட்டீஸ் வரவைக்க முடிந்தது. நோட்டீஸ் நம்பியிருக்கும் ஐ.பி. முகவரி, அதாவது இணைப்பை அடையாளம் காட்டும் எண், ஒரு மனிதரின் கையெழுத்தாகாது. ஒரே வைஃபையில் நூறு பேர் இருக்கும் விடுதியில் அது ஒரு கதவின் எண் மட்டுமே.

மாணவர்களைப் பற்றி மேசைக்கு வரும் எண்களையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் தன் உள்நாட்டு இழப்பில் 44 சதவீதத்துக்குக் கல்லூரி மாணவர்களே காரணம் என்று சொல்லிவந்தது. சட்டமியற்றுவோரிடமும் அந்த எண் போனது. 2008 ஜனவரியில், கணக்கில் பிழை, சரியான எண் சுமார் 15 சதவீதம் என்று அதே சங்கம் ஒப்புக்கொண்டது.

சட்டம் இருக்கிறதே, சும்மா விட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: விட முடியாது, விடவும் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி இணைப்பு தருபவர், பயனர்களின் மீறலுக்குத் தான் பொறுப்பாகாத சட்டப் பாதுகாப்பைப் பெற, மீண்டும் மீண்டும் மீறுவோரின் இணைப்பை நிறுத்தும் கொள்கை வைத்திருக்க வேண்டும். 2008-இன் உயர்கல்விச் சட்டம், உதவித்தொகை பெறும் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் திருட்டைத் தடுக்க எழுத்துப்பூர்வத் திட்டம் வைத்து, அதில் ஒரு தொழில்நுட்பத் தடுப்பாவது இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதன் விதிகள் ஏற்கும் தடுப்புகளில், வரும் நோட்டீஸ்களைப் பெற்றுக்கொண்டு முறையாகப் பதில் நடவடிக்கை எடுப்பதும் ஒன்று. உளவுக் கருவி வாங்கினால்தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகும் என்று விற்பனையாளர் சொன்னால், அந்த நாட்டில்கூட அது சரியல்ல. வேறு நாடுகளில் விதி வேறு. வாங்குவதற்கு முன் சட்டத்தை எடுத்து வாசிப்பது நல்லது.

அதனால் தண்டனையில் நான் வைத்துக்கொள்வது குறைந்தபட்சம் மட்டும். நோட்டீஸ் வந்தால் மாணவரிடம் சேர்ப்பது, அவர் பதில் சொல்ல இடம் கொடுப்பது, முதல் முறை பேசி அனுப்புவது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியாருக்குப் பெயரைத் தராதிருப்பது, பணமாக அபராதம் வசூலிக்காதிருப்பது. ஆரெகன் பல்கலைக்கழகம் 2007-இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் துணையோடு, மாணவர் பெயர்களைக் கேட்ட ஆணையை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்றது. அந்த நிமிர்வு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டும்.

வாங்கிக் கொடுப்பது

மனசுக்கு மிகப் பிடித்த வழி இது. அதனாலேயே கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியது.

பென் ஸ்டேட் 2003 நவம்பரில் புதிய நாப்ஸ்டரோடு ஒப்பந்தம் செய்தது. பழைய பெயரை வாங்கிச் சட்டப்படி நடத்தப்பட்ட சேவை அது. மாணவர்கள் ஏற்கெனவே கட்டிவந்த தகவல் தொழில்நுட்பக் கட்டணத்திலிருந்து செலவு. மாணவருக்குத் தனியாகக் காசில்லை, இலட்சக்கணக்கான பாட்டுகள். கார்னெல், ராச்செஸ்டர் போன்ற இடங்களும் இதே திசையில் போயின. ஆனால் அந்தப் பாட்டுகள் மெக்கின்டாஷ் கணினிகளில் ஓடவில்லை. மாணவர்களின் பைகளில் அதிகம் இருந்த ஐபாடில் ஏறவில்லை. குறுந்தகட்டில் பதியவோ நிரந்தரமாக வைத்துக்கொள்ளவோ ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகப் பணம். படிப்பு முடிந்ததும் இறக்கி வைத்தவை பூட்டிக்கொண்டன. 2007-இல் பென் ஸ்டேட் நாப்ஸ்டரை விட்டு, விளம்பரத்தில் ஓடும் ரக்கஸ் என்ற சேவைக்கு மாறியது. ரக்கஸ் 2009 பிப்ரவரியில் மூடப்பட்டது.

எண்ணம் பிழையில்லை, பொருள்தான் பிழை. மாணவர் கேட்டது தன் கருவியில் ஓடும் பாட்டு. கிடைத்தது பூட்டுப் போட்ட பாட்டு. திருட்டுப் பிரதி எந்தக் கருவியிலும் ஓடியது, பணம் கட்டிய பிரதி ஓடவில்லை என்றால் எந்த அறிவுரை எடுபடும்? அந்தப் பூட்டுகள் கழன்றது வளாகத்துக்கு வெளியேதான். ஐட்யூன்ஸ் 2009-இல் பூட்டில்லாப் பாட்டுகளுக்கு மாறியது. 2008-இல் சுவீடனில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கலாம் என்ற வழியோடு 2011-இல் அமெரிக்காவுக்கு வந்தது. எந்தப் பல்கலைக்கழகக் குழுவும் செய்யாததை அவை செய்தன.

அப்படியென்றால் இன்று பல்கலைக்கழகம் எல்லோருக்கும் சந்தா கட்ட வேண்டுமா? வேண்டாம் என்பது என் முடிவு. இலவசப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. மாணவர்களுக்கான தள்ளுபடிச் சந்தாவைச் சேவைகளே தருகின்றன. மொத்தச் சந்தா என்றால், இசையே கேட்காதவரின் கட்டணமும் ஒரே நிறுவனத்துக்குப் போகும். பட்டம் பெற்ற அன்று அதுவும் நின்றுவிடும். பென் ஸ்டேட்டின் அதே கதை.

அந்தப் பணத்தை நூலகத்துக்குக் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நாக்சோஸ் மியூசிக் லைப்ரரி போல நூலகங்களுக்கென்றே உள்ள இசைத் தொகுப்புகள் உண்டு. ஒரே நேரத்தில் இத்தனை பேர் கேட்கலாம் என்ற கணக்கில் சந்தா, ஆகவே தலைக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. மேற்கத்தியச் செவ்வியல், ஜாஸ், நாட்டுப்புற இசை என்று ஆழமாகப் போகும். இந்த வாரத்து சினிமாப் பாட்டு அதில் கிடைக்காது, அதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. ஆனால் இசை மாணவர், ஆவணப்படம் எடுப்பவர், மானிடவியல் படிப்பவர் ஆகியோர் இணையத்தில் தடவித் தேடித் திருட்டுப் பிரதியில் போய் முடியும் பதிவுகள் இத்தகைய தொகுப்புகளில்தான் இருக்கின்றன. விற்பனையிலேயே இல்லாமல் போன பழைய பதிவுகளைத் தேடுபவர்களும் உண்டு. கடையில் இல்லை என்பதால் நகலெடுப்பது சட்டப்படி சரியாகிவிடாதுதான். ஆனால் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, கேட்டு வாங்கி, பாதுகாத்து, வளாகத்துக்குள் கேட்கத் தருவது நூலகரின் தொழில். மாணவரால் தனியாக முடியாததை நூலகம் செய்யலாம்.

சொல்லிக்கொடுப்பது

பயமுறுத்தும் சுவரொட்டியைப் பாடம் என்று நான் எண்ணவில்லை. முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில் ஒரு காணொளி ஓட்டிக் கையெழுத்து வாங்குவதும் பாடம் அல்ல.

மாணவர் தானே படைப்பாளியாகும் இடத்தில்தான் பதிப்புரிமை அவருக்குச் சொந்த விஷயமாகிறது. குறும்படத்துக்குப் பின்னணி இசை தேவை. பாட்காஸ்டுக்குத் தொடக்க இசை தேவை. கலைவிழா நடனத்துக்கு மூன்று பாட்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் கைகொடுத்தால் அது நிற்கும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன என்பதை இங்கே சொல்லலாம். இசையும் வரிகளும் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. ஆகவே ஒருவரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் சந்தா நாம் கேட்பதற்கு மட்டும், அரங்கில் நூறு பேருக்குப் போட்டுக் காட்டுவதற்கு அல்ல என்பதையும் சொல்லலாம்.

தன் படைப்பை எந்த நிபந்தனையோடு பிறர் பயன்படுத்தலாம் என்று படைப்பாளி முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, இன்று ஆறு வகை. மாணவர்கள் பெரும்பாலும் ‘இலவசம்’ என்ற ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள். மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையுள்ள பாட்டைக் குறும்படக் காட்சியோடு சேர்க்க முடியாது. ஏனென்றால் அசையும் காட்சியோடு இசையைப் பொருத்துவதே மாற்றமாகக் கருதப்படும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. இப்படி ஒரு விவரம், படத்தைப் போட்டிக்கு அனுப்பும் முந்தைய நாள் தெரிந்தால் வேதனை. படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்தால் கருவி. மேற்கோள் காட்டும் முறையையும் பிறர் எழுத்தைத் திருடாமையையும் நாம் ஏற்கெனவே கற்றுத்தருகிறோம். இசையை அந்தப் பாடத்துக்குள் கொண்டுவர ஒரு புதிய துறை தேவையில்லை.

பாடத்தில் பொய் சொல்லக் கூடாது. திருட்டு விற்பனையைக் குலைத்ததா என்பதில் பொருளியலாளர்களே ஒத்துப்போகவில்லை. 2007-இல் வந்த ஓபர்ஹோல்ட்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் ஆய்வு ஃபைல் பகிர்வின் விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றது. லீபோவிட்ஸ் போன்றோர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். ஒரு டவுன்லோட் என்றால் ஒரு விற்பனை போனது என்ற கணக்கை மாணவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கேட்காமல் எடுத்தோம் என்பது எந்தக் கணக்கும் இல்லாமலேயே புரியும். ஸ்ட்ரீமிங்கில் நம் சந்தா பெரும்பாலும் ஒரு பொதுக் குவியலில் விழுந்து, மொத்தக் கேட்பின் விகிதப்படி பிரிகிறது. சிறிய கலைஞருக்கு நேரடியாகப் போக வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் ஒரு ஆல்பம் வாங்கலாம். விற்பனையில் பெரும்பகுதி கலைஞருக்குப் போகும், பூட்டில்லாத கோப்பு நம் கைக்கு வரும். மாற்றியமைத்த திருட்டுச் செயலிகளில் உள்நுழைவதால் கடவுச்சொல் பறிபோகும் ஆபத்தையும் கூடவே சொல்லிவிடலாம்.

எனவே தேர்வு இப்படி. சிறிய வளாகம், பணமே இல்லை என்றால் நோட்டீஸ்களை நியாயமாகக் கையாளும் இரண்டு பக்க விதிமுறையும், மாணவர் படைப்புகளோடு சேர்ந்து நடக்கும் பதிப்புரிமைப் பயிற்சியும் போதும். இசை, திரைப்படம், ஊடகத் துறைகள் உள்ள வளாகம் என்றால் இவற்றோடு நூலக இசைத் தொகுப்பு, உரிமங்களைத் தேடி உதவ ஒரு நூலகர். இணைப்பு திணறும் வளாகம் எல்லோருக்கும் பொதுவான அளவு வரம்பை வைக்கட்டும், அதைத் திருட்டுத் தடுப்பு என்று அழைக்காமல். தடுப்புக் கருவிக்கு ஒதுக்கிய பணம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வரும்போது நூலகத்துக்கு மாற்றலாம்.

ஆண்டு முடிவில் எதை எண்ணுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். வந்த நோட்டீஸ்களின் எண்ணிக்கை பயன்படாது. மாணவர்கள் கைப்பேசி டேட்டாவுக்கு மாறினாலே அது குறைந்துவிடும். மாணவர் குறும்படங்களில் எத்தனை உரிமம் குறிப்பிட்ட இசையோடு சமர்ப்பிக்கப்பட்டன, நூலகத் தொகுப்பை எத்தனை பேர் திறந்தார்கள், உரிமச் சந்தேகத்தோடு நூலகரிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணலாம். முதல் கணக்கெடுப்பைப் புதிய மாணவர்கள் சேரும் பருவத்திலேயே எடுத்தால், அடுத்த ஆண்டு ஒப்பிட ஏதாவது கையில் இருக்கும்.